ஜி53 வரியை மெஷின் செய்யாமல் தாண்டிப் போகிறது, ஏன்?

செட்டர்_விஎம்சி:
வணக்கம். ஃபானுக் கன்ட்ரோல் உள்ள விஎம்சி (செங்குத்து மில்லிங் மெஷின்), எக்ஸ் டிராவல் 800 மில்லிமீட்டர். சைக்கிள் முடிந்ததும் டேபிள் கதவுப் பக்கம் வந்து, எக்ஸில் நடுவில் நிற்க வேண்டும், அப்போதுதான் ஜாபை எட்டிக் கழற்ற முடியும். ஜி54-ல் (ஜாபின் ஜீரோவில் இருந்து அளப்பது) பொசிஷன் கொடுத்தால் ஃபிக்சர் மாறும்போதெல்லாம் நிற்கும் இடமும் மாறுகிறது, ஒரு ஃபிக்சரில் ஓவர் டிராவல் அலாரமே வந்தது. அதனால் கடைசியில் மெஷின் ஜீரோவில் இருந்து அளக்கும் ஜி53 வைத்து இப்படிப் போட்டிருக்கிறேன்:

ஜி91 ஜி28 இசட்0.
ஜி53 எக்ஸ்-400. ஒய்0.
எம்30

இசட் மேலே போகிறது, டேபிள் அசையவே இல்லை. அலாரமும் கிடையாது. என்ன காரணம்?

டூல்ரூம்_ஆள்:
முதல் வரியில் போட்ட ஜி91 (இன்கிரிமென்டல், நிற்கும் இடத்தில் இருந்து அளப்பது) அடுத்த வரியிலும் அமலில் இருக்கிறது தம்பி. ஜி53 அப்சல்யூட்டில்தான் (ஜி90, ஜீரோவில் இருந்து அளப்பது) வேலை செய்யும், ஜி91-ல் இருந்தால் ஃபானுக் அதைக் கண்டுகொள்ளாது. ஜி53 அந்த ஒரு வரிக்கு மட்டும்தான், அதனால் தேவைப்படும் ஒவ்வொரு வரியிலும் திரும்ப எழுத வேண்டும். நானாக இருந்தால் ஹோமுக்கு (மெஷினின் ரெஃபரன்ஸ் பாயின்ட்) அனுப்பும் ஜி28-ஐயே தூக்கிவிடுவேன்:

ஜி0 ஜி90 ஜி53 இசட்0.
ஜி90 ஜி53 எக்ஸ்-400. ஒய்0.

இசட் தனி வரியில் முதலில் மேலே போகட்டும். எக்ஸ், ஒய் ரேப்பிடில் (வெட்டாமல் வேகமாக நகரும்போது) நேர்கோட்டில்தான் வரும் என்று நம்ப வேண்டாம், பல மெஷின்களில் ஒரு ஆக்சிஸ் முதலில் முடித்துவிட்டு நிற்க, மற்றது தனியாக ஓடும், வழியில் கிளாம்ப் இருந்தால் அவ்வளவுதான். அப்புறம் எண்ணுக்குப் பின்னால் வரும் அந்தப் புள்ளியை விட்டுவிடாதீர்கள், பாராமீட்டரைப் பொறுத்து -400 என்பது 0.4 மில்லிமீட்டராகப் போய்விடும்.

செட்டர்_விஎம்சி:
சரி அண்ணே, புரிந்தது. அப்படியானால் ஜி28 வரியையே ஜி90-க்கு மாற்றினால் போதாதா? ஜி43 (டூல் நீள ஆஃப்செட்) ஆனில் இருக்கிறதே, முதலில் அதை ரத்து செய்யும் ஜி49 போட வேண்டுமா?

டூல்ரூம்_ஆள்:
தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஜி90 ஜி28 இசட்0 என்றால் முதலில் ஜாபின் இசட் ஜீரோவுக்கு ரேப்பிடில் இறங்கி, அதற்குப் பிறகுதான் ஹோமுக்கு ஏறும். ஜாபின் மேல் பரப்பில் ஜீரோ எடுத்திருந்தால் டூல் நேராக அதில் போய் இடிக்கும், அடியில் எடுத்திருந்தால் இன்னும் மோசம். ஜி49-ம் தனி வரியில் வேண்டாம், சில செட்டிங்கில் இசட் டூல் நீளத்துக்கு அப்படியே கீழே இறங்கும். ஜி53 இசட்0-வுக்கு டூல் நீளம் கணக்கில் வராது, ஸ்பிண்டிலே மெஷின் ஜீரோவுக்குப் போய்விடும்.

பிரேக்டவுன்_மெயின்டனன்ஸ்:
ஒன்று சேர்க்கிறேன். இசட்0 என்றால் எல்லா மெஷினிலும் ஹோம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பாராமீட்டர் 1240-ல் ரெஃபரன்ஸ் பாயின்ட்டின் மதிப்பு இருக்கும், சில மேக்கர்கள் அதை ஜீரோவாக வைப்பதில்லை. ஹோம் எடுத்த பிறகு பொசிஷன் ஸ்கிரீனில் 'மெஷின்' என்ற பத்தியைப் பாருங்கள், அங்கே என்ன எண் காட்டுகிறதோ அதுதான் உங்கள் மெஷினின் ஹோம். எக்ஸ் நடுவையும் ஜாக் செய்து (கையால் நகர்த்தி) அதே பத்தியில் படித்து எழுதுங்கள், மைனஸா பிளஸா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். சீமென்ஸ் மெஷினுக்கு இந்த புரோகிராமை அப்படியே ஏற்றாதீர்கள், அங்கே ஜி53-க்குப் பதில் சூபா (SUPA) கட்டளை, கூடவே டி0 (D0) போட்டு டூல் ஆஃப்செட்டையும் எடுத்துவிட வேண்டும்.

முதல் ஓட்டம் சிங்கிள் பிளாக்கில் (ஒவ்வொரு வரியாக), ரேப்பிட் ஓவர்ரைடு 25 சதவீதத்தில்.