ரேடியாலஜியா, ஜெனரல் மெடிசினா: சாய்ஸ் லிஸ்ட்டில் எது மேலே?

வார்டு_ரவுண்ட்ஸ்:
எம்.பி.பி.எஸ். முடிச்சு எம்.டி. சீட்டுக்கு கவுன்சலிங் லிஸ்ட் போடும்போது, நல்ல நீட் பி.ஜி. ரேங்க் இருந்தா கண்ணை மூடிக்கிட்டு ரேடியாலஜி (ஸ்கேன், எக்ஸ்ரே பார்க்கிற துறை) போடுன்னு எல்லாரும் சொல்றீங்க. எனக்கு ஒப்பலை. ஜெனரல் மெடிசின் எம்.டி. முடிச்சா நீட் எஸ்.எஸ்.ங்கிற சூப்பர் ஸ்பெஷாலிட்டி நுழைவுத் தேர்வு வழியா கார்டியாலஜி, நியூராலஜி, நெஃப்ராலஜி, கேஸ்ட்ரோன்னு எங்க வேணா போகலாம். ரேடியாலஜி எம்.டி.க்கு அப்புறம் டி.எம்.ங்கிற சூப்பர் ஸ்பெஷாலிட்டி படிப்புக் கிளைகள் ரொம்பக் கம்மி.

கருப்பு_வெள்ளை:
போகலாம், எப்ப? எம்.பி.பி.எஸ். ஹவுஸ் சர்ஜன்சியோட 5½ வருஷம், எம்.டி. 3, டி.எம். 3. ஒரு வருஷம்கூட வீணாகாம இருந்தாலே 11½ ஆச்சு. ரேடியாலஜின்னா 8½ல ஆள் தயார். வெறும் எம்.டி. மெடிசினோட நிக்க நீங்க தயாரா? அதைச் சொல்லுங்க முதல்ல.

வார்டு_ரவுண்ட்ஸ்:
தயார்தான் சார். ஒரு மேஜை, பி.பி. கருவி, இ.சி.ஜி. மெஷின் இருந்தா சின்ன ஊர்ல நாளைக்கே ஓ.பி. ஆரம்பிக்கலாம். ஸ்கேன் சென்டருக்கு மெஷின் கடன், அதோட கருவோட பாலினம் பார்க்கிறதைத் தடுக்கிற 1994 பி.சி.பி.என்.டி.டி. சட்டம். ஒவ்வொரு கர்ப்பிணி ஸ்கேனுக்கும் ஃபார்ம் எஃப்னு ஒரு பதிவுப் படிவம். அதுல ஒரு கட்டம் விட்டுப்போனாலும் குற்றம், இல்லைன்னு நிரூபிக்கிறது டாக்டரோட பொறுப்பு. 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அந்தப் பிரிவு செல்லும்னுட்டாங்க. இன்னொன்னு: 2012 திருத்தப்படி ஒரு டாக்டர் ஒரு மாவட்டத்துல அதிகபட்சம் ரெண்டு சென்டர்லதான் அல்ட்ராசவுண்ட் பார்க்கலாம்.

கருப்பு_வெள்ளை:
ஃபார்ம் எஃப் தொல்லை ஸ்கேன் பண்ற மகப்பேறு டாக்டருக்கும்தான் இருக்கு. அதுக்காக அந்தத் துறையை யாரும் விடலையே? சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களை வீட்டிலிருந்தே படிச்சு ரிப்போர்ட் அனுப்பலாம், சொந்த சென்டர் கட்டாயமில்லை. நோயாளிகிட்ட பேசாம இருட்டு ரூம்ல உட்கார முடியுமாங்கிறதுதான் நிஜக் கேள்வி. அதை யாரும் கேக்கறதில்லை.

சாய்ஸ்_லாக்:
ரெண்டு பேரும் துறையை மட்டுமே பேசறீங்க, காலேஜை விட்டுட்டீங்க. ரேடியாலஜின்னா எம்.ஆர்.ஐ. ஆஸ்பத்திரியோடதா, வெளியாள் நடத்துறதா, பி.ஜி. (எம்.டி. படிக்கிற டாக்டர்) தானே ரிப்போர்ட் எழுதுறாரான்னு பாருங்க. மெடிசின்னா ஐ.சி.யு. படுக்கையை யார் பார்க்கறாங்க, மயக்க மருந்துத் துறைகிட்ட போயிடுச்சான்னு கேளுங்க. துறைத் தலைவர்கிட்ட கேட்காதீங்க, ரெண்டாம் வருஷ பி.ஜி.கிட்ட கேளுங்க.

லிஸ்ட் போடறதுல நடக்கிற தப்பு வேற. பெரிய சீட்டை மேலே போட்டா கீழே இருக்கிறது போயிடும்னு பயப்படறாங்க. போகாது. ஆபத்து அடுத்த ரவுண்ட்ல அப்கிரேடு கேக்கறதுலதான்: மேலே போட்டது கிடைச்ச நிமிஷமே கையில இருந்த சீட் அடுத்தவருக்கு. அதனால கையில இருக்கிறதைவிட நிஜமாவே பிடிச்சதை மட்டும் போடுங்க. அகில இந்திய கோட்டால முதல் ரவுண்ட்ல சேராம விட்டா நஷ்டமில்லை. ரெண்டாவதுல விட்டா பொதுப் பிரிவுக்கு டெபாசிட் 25,000 போச்சு, நிகர்நிலைப் பல்கலைன்னா 2 லட்சம்.

வார்டு_ரவுண்ட்ஸ்:
ஐ.சி.யு. விஷயம் சரி, ஒத்துக்கறேன். ஆனா சார், எம்.ஆர்.ஐ. வெளியாள் கையில இருக்கிற காலேஜ்ல ரேடியாலஜி கிடைச்சா, நல்ல மெடிசின் சீட்டுக்கு மேலே போடுவீங்களா?

கருப்பு_வெள்ளை:
அந்த ஒரு காலேஜ்ல மட்டும் போட மாட்டேன்.