புலவர் கா. கோவிந்தன் நூல்கள்: நம்மால் ஆகிற ஒரு வேலை

ஊர்ச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

செய்யாற்றிலிருந்து பெரிய பதவிக்குப் போனவர்கள் யார் யார் என்று இங்கே பேச்சு வந்தபோது, பலரும் புலவர் கா. கோவிந்தன் பெயரைத்தான் முதலில் எழுதினீர்கள். மகிழ்ச்சி. ஆனால் எல்லோரும் சபாநாயகர் என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். அவருடைய வரலாற்று நூல்களைப் பற்றி யாருமே சொல்லவில்லையே என்ற ஆதங்கத்தில் இதை எழுதுகிறேன்.

பதவி விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1915-ல் செய்யாற்றில் பிறந்தவர். ஔவை சு. துரைசாமி பிள்ளையிடம் தமிழ் படித்துத் தமிழாசிரியர் ஆனவர். 1962-ல் தி.மு.க. சார்பில் நம் தொகுதியில் வென்றார். 1967-ல் துணை சபாநாயகர். அண்ணா மறைந்த 1969 பிப்ரவரியிலேயே சபாநாயகர். 1971 தேர்தலுக்குப் பிறகு கே.ஏ. மதியழகன் அந்தப் பொறுப்புக்கு வந்தார். எம்.ஜி.ஆர். பிரிந்துபோன கொந்தளிப்பில், 1972 டிசம்பரில் மதியழகன் நீக்கப்பட்டார். 1973 ஆகஸ்டில் மறுபடியும் புலவரையே அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். 1976 ஜனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது, பேரவையும் போனது. ஆனால் அடுத்த பேரவை கூடும்வரை சபாநாயகர் பதவி காலியாகாது என்பது அரசமைப்புச் சட்டம். அதனால் சபையே இல்லாத காலத்திலும் 1977 ஜூலை வரை அவர்தான் சபாநாயகர்.

இனி நூல்களுக்கு வருகிறேன். சட்டமன்றத்துக்குப் போவதற்கு முன்பே, சங்கப் புலவர்களைப் பற்றி ஒரு பெரிய வரிசையைச் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்துக்காக எழுதியிருக்கிறார். கபிலர், பரணர், ஔவையார், நக்கீரர் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு. இவர் அதோடு விடவில்லை. ஒரே ஒரு பாட்டு மட்டும் மிஞ்சிய புலவருக்கும் இடம் கொடுத்தார். பெண்பாற் புலவர்கள், வணிகரிற் புலவர்கள், கிழார்ப் பெயர் பெற்றோர், மாநகர்ப் புலவர்கள், உவமையாற் பெயர் பெற்றோர் என்று வகை பிரித்துத் தனித்தனி நூலாக்கினார். இயற்பெயரே தெரியாமல், பாட்டில் சொன்ன உவமையே பெயராகிப்போன செம்புலப்பெயல்நீரார் போன்றவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. கடைசி பெஞ்சுப் பிள்ளையின் பெயரையும் விடாமல் கூப்பிடுகிற வாத்தியார் போல என்று எனக்குத் தோன்றும்.

அரசர்கள் வரிசையும் அப்படித்தான். சேரர், சோழர், பாண்டியரோடு முடிக்காமல், வள்ளல்களுக்குத் தனி நூல், அகுதை முதலிய நாற்பத்து நான்கு சங்ககாலத் தலைவர்களுக்குத் தனி நூல், திரையனுக்கும் தனி நூல். திரையன் என்றால் பெரும்பாணாற்றுப்படை என்ற சங்கப் பாட்டு பாடும் தொண்டைமான் இளந்திரையன், அதாவது நம் தொண்டை நாட்டுக்காரன். நம் செய்யாறும் மலைபடுகடாம் என்ற சங்கப் பாட்டில் சேயாறு என்றே வருகிறது. செங்கண்மாத்து நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் பாட்டு அது. பிள்ளைகளிடம் ஊரைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பிலும் பெரிய வேலை செய்திருக்கிறார். கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை க. ரத்னத்தோடு சேர்ந்து தமிழாக்கினார். பி.டி. சீனிவாச ஐயங்கார் 1929-ல் ஆங்கிலத்தில் எழுதிய தமிழர் வரலாறும் இவரால்தான், தமிழ் மட்டும் படிக்கிறவர்களுக்குக் கிடைத்தது. புலவர் பட்டம் பெற்ற ஒருவர் இப்படிக் கனமான ஆங்கில நூல்களை எடுத்துச் செய்தது லேசான காரியம் இல்லை.

இன்று படிக்கும்போது சில இடங்கள் பழசாகத்தான் தெரியும். பெரும்பாலும் பாட்டுகளை வைத்தே வரலாறு சொல்கிறார். கல்வெட்டுச் சான்றுகள் சில பிறகுதான் கிடைத்தன; சங்ககால அரசன் அதியமான் பெயர் வரும் ஜம்பைக் கல்வெட்டு கிடைத்ததே 1981-ல்தான். இருந்தாலும் எந்த அரசனை எந்தப் புலவர் பாடினார், எந்தப் போரில் யார் யார் என்று தேட, நான் இன்றும் முதலில் எடுப்பது இவர் நூல்களைத்தான்.

இவை நாட்டுடைமை ஆனவை. பல நூல்கள் தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அங்கே ஒரு பக்கம் அச்சுப் படமும், எதிரே தட்டெழுத்தும் இருக்கும். இயந்திரம் படித்த எழுத்தில் பிழை வரும், அதை ஒப்பிட்டுத் திருத்த ஆள் எப்போதும் தேவை. துபாயோ டொராண்டோவோ, எங்கிருந்தும் செய்யலாம். திரையன், வள்ளல்கள், பெண்பாற் புலவர்கள் என்ற மூன்றோடு தொடங்கலாம் என்பது என் எண்ணம். யார் எந்த நூலை எடுக்கிறீர்கள் என்று இந்த இழையிலேயே எழுதுங்கள். கணக்குத் தொடங்குவதில் சிரமம் இருந்தால் எனக்குத் தனி மடல் போடுங்கள், கூட இருந்து சொல்லித் தருகிறேன்.