600 டிபிஐ வைத்தால் போதுமா?

கயல்: "எந்தப் பிளாட்டா இருந்தாலும் 600 டிபிஐ பிஎன்ஜியா சேமிங்க, வேற கவலையே வேண்டாம்" என்று ஆய்விதழுக்குப் படம் தயாரிப்பது பற்றிச் செந்தூரன் எழுதியிருக்கிறார். டிபிஐ என்பது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு; பிஎன்ஜி படத்தைப் பிக்சலாகச் சேமிக்கும் கோப்பு. புதிதாக வருகிறவர்களைக் கெடுக்கிற பேச்சு இது. மேட்லேப் என்ற கணிப்பு மென்பொருளில் படம் வரும் ஃபிகர் சன்னல் இயல்பாக 560-க்கு 420 பிக்சல். விண்டோஸில் அங்குலத்துக்கு 96 பிக்சல் கணக்கு, ஆக அகலம் 5.83 அங்குலம். அதை இதழின் 3.5 அங்குலப் பத்தியில் நுழைத்தால் 10 பாயின்ட் எழுத்து 6 பாயின்ட்டாகச் சுருங்கும். 1200 வைத்தாலும் அதே 6தான்.

செந்தூரன்: 600 வைத்தால் கோடு பிசிறாது. அச்சடித்துப் பார்த்துவிட்டு வாங்க.

கயல்: பிசிறைப் பற்றி யார் பேசினது? ஃபிகரின் அமைப்பில் யூனிட்ஸை, அதாவது அலகை, இஞ்சஸ் ஆக்கி, பொசிஷனில் அகலம் 3.5, உயரம் 2.6 கொடுங்கள். எழுத்து 8 பாயின்ட். பிறகு படத்தைச் சேமிக்கும் எக்ஸ்போர்ட்கிராபிக்ஸ் கட்டளையில் கன்டென்ட் டைப் வெக்டர் (பிக்சலாக அல்லாமல் கோடாகவே சேமிப்பது), கோப்பு பிடிஎஃப். கோடும் எழுத்தும் மட்டும் உள்ள படத்துக்கு டிபிஐ பேச்சே எழாது.

ஆதிரை: எக்ஸ்போர்ட்கிராபிக்ஸ் சுற்றியுள்ள வெள்ளையை வெட்டிவிடும், கயல். 3.5 கொடுத்தால் அதைவிடக் குறைவாகத்தான் வரும். கட்டுரை வடிவமைக்கும் லேடெக்கில் பத்தி அகலத்துக்கு இழுத்ததும் உங்கள் 8 பாயின்ட் போச்சு. பிரிண்ட் கட்டளை சொன்ன அளவுக்கு நிற்கும். தாள் அளவான பேப்பர்சைஸையும் 3.5, 2.6 ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடிஎஃப்பில் முழுத்தாள் வந்து நிற்கும். 2016ஏ-க்கு முந்தைய பதிப்பென்றால் தாளில் படத்தின் அளவைத் தீர்மானிக்கும் பேப்பர்பொசிஷன்மோடை ஆட்டோ ஆக்குங்கள். அங்கே அச்சாகும் படத்தின் இயல்பு அளவு 8-க்கு 6 அங்குலம்.

செந்தூரன்: வெக்டர்காரர்களுக்குள்ளேயே கணக்கு உதைக்குது! 2 லட்சம் புள்ளி உள்ள ஸ்கேட்டரை, அதாவது புள்ளிப் படத்தை, வெக்டராக்கினால் பிடிஎஃப் திறக்கவே திணறும். சர்ஃப் கட்டளையில் பரப்புப் படம் போட்டால் முக்கோணங்களுக்கு நடுவே வெள்ளைக் கீறல். 600 பிஎன்ஜியில் இந்தத் தொல்லை உண்டா?

கயல்: பைதான் மொழியில் படம் வரையும் மேட்பிளாட்லிப்பில் அந்த ஸ்கேட்டருக்கு மட்டும் ராஸ்டரைஸ்டு ட்ரூ கொடுத்தால் புள்ளிகள் பிக்சலாகும், அச்சுக்கோடும் எழுத்தும் வெக்டராகவே இருக்கும்.

செந்தூரன்: மேட்லேபைப் பற்றிக் கேட்டால் பைதானுக்கு ஓடறீங்க. 3.5 அங்குலத்துக்கு 600 என்றால் 2100 பிக்சல். இதழ்க்காரர்கள் கேட்பது அதைத்தான்.

கயல்: 5.83 அங்குலச் சன்னலை உங்கள் 600-இல் சேமித்தால் 3500 பிக்சல் வரும். அகலத்தைத் தொடாமல் 2100 எங்கிருந்து வந்தது?

செந்தூரன்: 3500 என்றால் இன்னும் நல்லதாப் போச்சு. 600-ஐ மாற்ற மாட்டேன்.

கயல்: எழுத்து 6 பாயின்ட். அதற்குப் பதில் சொல்லுங்கள்.