பெரியப்பாவின் புயல்

(சிங்கப்பூர், குடும்ப அரட்டைக் குழு, ஞாயிறு காலை)

பெரியப்பா: [படம்] சென்ற வாரம் விடியற்காலையில் பிடோக் படகுத்துறையில் பார்த்த சுமத்திரா சூறைக்காற்று. எண்ணெய் வண்ணம், மூன்று நாள் வேலை. உண்மையைச் சொல்லுங்கள்.

சித்தப்பா: அருமை அண்ணே!

அப்பத்தா: பெரியவனே, இது கடலா, அரிசி களைந்த தண்ணீரா?

பெரியப்பா: அம்மா, 1842இல் ஆங்கில ஓவியர் டர்னர் தீட்டிய பனிப்புயல் படத்தையும் சோப்பு நுரை, சுண்ணாம்புத் தண்ணீர் என்றுதான் ஏளனம் செய்தார்கள்.

அப்பத்தா: அவர் வீட்டிலும் ஒரு கிழவி இருந்திருப்பாள்.

மீனா அக்கா: அப்பத்தா சொல்வதில் விஷயம் இருக்கிறது. நுரை முழுக்க டியூப்பிலிருந்து பிதுக்கிய டைட்டானியம் வெள்ளை. கறுத்த வானத்தின் கீழ் நுரைக்கு ஏது அவ்வளவு வெளுப்பு? அல்ட்ராமரின் நீலத்தில் பர்ன்ட் அம்பர் பழுப்பு கலந்தால் நல்ல சாம்பல் கிடைக்கும். அதில் கொஞ்சம் வெள்ளை சேர்த்து நுரையைப் போடுங்கள். தனி வெள்ளையை வண்ணக் கத்தியால் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் வையுங்கள், போதும்.

பெரியப்பா: வைத்தேனே. அடியிலிருந்த நீலத்தோடு குழைந்து களியாகிவிட்டது.

மீனா அக்கா: காயவில்லை, அதனால்தான். ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் போல ஆவியாகாது. காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கி மெதுவாக இறுகும். மூன்று நாள் எந்த மூலைக்கு? அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பிற்பாடு மேற்பூச்சு வெடிக்கும்.

மீனா அக்கா: இன்னொன்று. சுமத்திராக் காற்று மேற்கிலிருந்து வருவது. படகுத்துறை நுனியில் கடலைப் பார்த்து நின்றால் மேற்கு வலக்கைப் பக்கம். உங்கள் மேகம் இடப்பக்கத்திலிருந்து வருகிறதே?

பெரியப்பா: மாட்டிக்கொண்டேன். ரஷ்யக் கடல் ஓவியர் ஐவசோவ்ஸ்கியின் ‘ஒன்பதாம் அலை’ படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தீட்டினேன்.

மீனா அக்கா: நினைத்தேன், அலை மலைபோல் நிற்கும்போதே. அவர் கடலை நினைவிலிருந்து தீட்டும் பழக்கம் உள்ளவர். 1850இல் வந்தது அந்தப் படம். நீங்கள் அவருடைய நினைவைத் தீட்டியிருக்கிறீர்கள். நம் நீரிணையில் அலை குட்டை, நெருக்கம், அழுக்குப் பச்சை. அன்று நீங்கள் என்ன பார்த்தீர்கள்?

சித்தப்பா: நான் இன்னும் அருமை என்றுதான் சொல்கிறேன்.

பெரியப்பா: யோசித்துப் பார்த்தேன். நங்கூரமிட்ட கப்பல்கள் ஆறு நின்றன. வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக அழிந்தன. நான்கு, இரண்டு, பிறகு ஒன்றுமில்லை. கிழக்கே சாங்கிப் பக்கம் மட்டும் ஒரு கீற்று வெளிச்சம் கடைசிவரை இருந்தது. அதை நான் தீட்டவே இல்லை.

பெரியம்மா: கப்பல் இருக்கட்டும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக் குழாயில் போடப் போனாரே, அதைக் கேள் மீனா. பிடுங்கி வைத்திருக்கிறேன்.

மீனா அக்கா: ஐயோ பெரியப்பா! அந்த எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் சூடு தங்கினால் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

பெரியப்பா: சரி, சரி. நாளை விடியற்காலை பென்சிலும் நோட்டுமாக மறுபடி படகுத்துறைக்குப் போகிறேன்.

பெரியம்மா: மின்னலில் படகுத்துறையா? சன்னலிலிருந்து பாருங்கள்.

பெரியப்பா: அங்கே எதிர் அடுக்குமாடி புளோக்தானே தெரிகிறது?

பெரியம்மா: மழை வலுத்தால் அதுவும் மறையும். அதைத் தீட்டுங்கள்.