ஐஆர்சி: கிக் செய்தாலும் திரும்பி வருபவரை எப்படித் தடுப்பது?

முகிலன்:
லிபெரா சாட் என்ற ஐஆர்சி (எழுத்து அரட்டை) நெட்வொர்க்கில் பைதான் நிரல்மொழி கற்பவர்களுக்காக ஒரு சேனல் (அரட்டை அறை) வைத்திருக்கிறோம். என் கணக்கில்தான் பதிவாகியிருக்கிறது. கொஞ்ச நாளாக ஒருவர் வந்து சூதாட்ட விளம்பரச் சுட்டிகளைக் கொட்டுகிறார். /கிக் கொடுத்து வெளியேற்றினால் போகிறார், மூச்சு விடுவதற்குள் மறுபடி உள்ளே. நிக்கை (அரட்டைப் பெயரை) பான் செய்தேன், அதாவது தடை போட்டேன், கடைசியில் ஓர் எழுத்தை ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார். வேறு என்ன செய்யலாம்?

வேம்பு:
கட்டளைகளைத் தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள் தம்பி.

கிக் ஆளை வெளியே அனுப்பும், அவ்வளவுதான். பல கிளையன்ட்கள் (அரட்டை மென்பொருள்கள்) தானாகவே திரும்பச் சேர்ந்துவிடும். பான் வேண்டும், அதுவும் நிக்கின் மேல் அல்ல. /ஹூஈஸ் நிக் என்று கொடுத்தால் @ குறிக்குப் பிறகு ஹோஸ்ட் (அவர் இணையும் முகவரி) தெரியும். அதை எடுத்து

/மோட் #சேனல் +பி *!*@ஹோஸ்ட்

என்று போடுங்கள். முதலில் பான், அப்புறம் கிக். லிபெராவில் பான் விழுந்த நொடியே அவரால் பேசவும் முடியாது. ஒரு எச்சரிக்கை: @ குறிக்குப் பின்னாலும் வெறும் நட்சத்திரம் போட்டால் ஊரையே பான் செய்தது போலாகும்.

முகிலன்:
செய்தேன் அண்ணே. இப்போது வேறு ஐபியில் (இணைய முகவரியில்) வருகிறார், முகவரியை மாற்றிக் காட்டும் விபிஎன் போல. கடுப்பில் +எம் போட்டேன். சந்தேகம் கேட்க வந்தவர்களும் பேச முடியாமல் நிற்கிறார்கள்.

வேம்பு:
+எம் இருந்தால் வாய்ஸோ (பேசும் அனுமதி) ஆப்போ (நிர்வாகி அதிகாரம்) உள்ளவர்தான் பேசலாம். உடனே -எம் கொடுத்து எடுங்கள். ஐபியைத் துரத்துவதையும் விடுங்கள், முடிவே இருக்காது. இது போதும்:

/மோட் #சேனல் +க்யூ $~ஏ

நிக்சர்வில் (கணக்குகளைப் பதிவு செய்யும் சேவை) கணக்கு வைத்து உள்நுழையாத யாரும் பேச முடியாது. உள்ளே வரலாம், படிக்கலாம். ஃப்ரீநோடு என்ற பழைய நெட்வொர்க் காலத்திலேயே இது உண்டு, 2021இல் பலரும் இங்கே மாறி வந்த பிறகும் அப்படியே வேலை செய்கிறது. வேறு நெட்வொர்க்குகளில் இதே எழுத்துக்கு வேறு பொருள் இருக்கலாம், அங்கே அப்படியே அடிக்காதீர்கள்.

தறி:
நானாக இருந்தால் +ஆர் போட்டிருப்பேன். கணக்கு இல்லாதவர் உள்ளே வரவே முடியாது, தொல்லை விட்டது.

வேம்பு:
கற்பவர்கள் சேனலுக்கு அது ரொம்பக் கடுமை. முதல்முறை வருபவரிடம் கணக்கு எங்கே இருக்கும்?

தறி:
சரி, அப்படியானால் +இசட் சேர்த்துக்கொள்ளுங்கள். தடுக்கப்பட்டவர் எழுதுவது ஆப் போட்டிருப்பவருக்கு மட்டும் தெரியும். நல்ல கேள்வியாக இருந்தால் /மோட் #சேனல் +வி நிக் என்று வாய்ஸ் கொடுத்துவிடலாம், க்யூ அவரைத் தடுக்காது. இரவில் விழித்திருக்கும் ஒருவருக்குச் சான்சர்வ் (சேனல்களை நிர்வகிக்கும் சேவை) ஃபிளாக்ஸில் (அனுமதிப் பட்டியலில்) +ஓ கொடுத்து வையுங்கள். சின்ன ஓ என்றால் தேவைப்படும்போது ஆப் எடுத்துக்கொள்வார், பெரிய ஓ என்றால் நுழைந்ததுமே ஆப் ஏறிவிடும். எனக்கு முன்னதுதான் பிடிக்கும். தலையில் எப்போதும் ஆப் இருந்தால் வம்புக்கு வருபவர்கள் நேராக அவரிடம்தான் வருவார்கள்.

முகிலன்:
+க்யூ, +இசட் இரண்டும் போட்டாயிற்று. ஆள் வந்தார், பத்து வரி கொட்டினார், எனக்கு மட்டும்தான் தெரிந்தது, போய்விட்டார்! இதை அப்படியே விட்டுவிடலாமா?

வேம்பு:
தொல்லை ஓய்ந்ததும் -க்யூ $~ஏ கொடுங்கள். அதுவரை கணக்கு பதிவு செய்யும் வழியை டாபிக்கில் (சேனலின் தலைப்பு வரியில்) எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் புதியவருக்கு ஏன் பேச முடியவில்லை என்றே புரியாது. பழைய ஐபி பான்களையும் எடுத்துவிடுங்கள், நாளைக்கு அதே ஐபி சம்பந்தமில்லாத ஒருவருக்குப் போகலாம். பெயர் எதுவும் இல்லாமல் /மோட் #சேனல் +பி என்று மட்டும் அடித்தால் பட்டியல் வரும்.