எட்டுப் பேரீச்சம்பழம் போட்டுட்டு "சர்க்கரை துளியும் இல்லை"ன்னு சொல்லலாமா?

கணக்குப்புலி:
நேத்து தோட்டத்துமைனா ஒரு செய்முறை போட்டிருந்தாங்க. தலைப்பு: "குழந்தைகளுக்கான ஹேசல்நட் சாக்லேட் ஸ்ப்ரெட், சர்க்கரை துளியும் இல்லை, எவ்வளவு வேணும்னாலும் கொடுக்கலாம்." உள்ளே போனா 200 கிராம் ஹேசல்நட், 8 மெட்ஜூல் பேரீச்சம்பழம், 3 ஸ்பூன் கோகோ, கால் டம்ளர் பால், ஒரு சிட்டிகை உப்பு. அதுக்குக் கீழே ஆளாளுக்கு இதயமும் கைதட்டலும்.

ஒரு மெட்ஜூல் கொட்டை நீக்கி சுமார் 24 கிராம். அதுல 16 கிராம் சர்க்கரை. எட்டுப் பழத்துக்கு 128 கிராம். நூத்தி இருபத்தெட்டு! இது எந்த அகராதியில "துளி"?

தோட்டத்துமைனா:
வாங்க சார். ரெண்டு நாளா ஆளைக் காணோமேன்னு பார்த்தேன். அங்கேயே கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன், தனி இழை திறந்து தண்டோரா போடணுமா? சர்க்கரைன்னா வெள்ளைச் சர்க்கரை. நான் அதைப் போடலை. பழம் போட்டேன். பழம் பழம்தான்.

கணக்குப்புலி:
பழம் பழம்தான். எட்டுப் பழம் 128 கிராம்தான். வெள்ளையா கறுப்பான்னு கேட்டுட்டா குழந்தை உடம்பு ஜீரணிக்குது?

மூணுபிள்ளைக்காரி:
தம்பி, கொஞ்சம் மூச்சு விடுங்க. கடையில விக்கிற நுட்டெல்லா பாட்டிலைத் திருப்பிப் பாருங்க. 100 கிராமுக்கு 56 கிராம் சர்க்கரை. பட்டியல்ல முதல்ல சர்க்கரை, ரெண்டாவது பாமாயில், அதுக்கப்புறம்தான் ஹேசல்நட், அதுவும் 13 சதவீதம். மைனா செஞ்சதுல கிட்டத்தட்ட பாதி கொட்டை. மொத்த எடை 470 கிராம் வருமா? உங்க 128ஐ அதால வகுத்தா 100க்கு 27. கடைச் சரக்குல பாதிகூட இல்லை. அந்தப் பொண்ணு என்ன கொலையா செஞ்சிடுச்சு?

கணக்குப்புலி:
1. எனக்கு 46 வயசு, தம்பின்னு கூப்பிட வேண்டாம்.
2. ஹேசல்நட்லயும் 100க்கு 4 கிராம் சர்க்கரை இருக்கு, பால்லயும் இருக்கு. எல்லாம் சேர்த்தா கிட்டத்தட்ட 30 வரும். பாதிக்கு மேலே.
3. பாதியே இருந்தாலும் "பாதி"ன்னு எழுதியிருக்கணும். எழுதினது "துளியும் இல்லை".

மூணுபிள்ளைக்காரி:
சரி அண்ணா. 30ன்னே வச்சுக்கோங்க. 56 பெருசா 30 பெருசா?

கணக்குப்புலி:
30 பெருசா 0 பெருசா?

அரவைக்காரன்:
சண்டைக்கு நடுவுல ஒண்ணு சொல்லிக்கிறேன். அந்தச் செய்முறையை அப்படியே செஞ்சா சரியா வராது. மைனா எல்லாத்தையும் ஒண்ணா மிக்ஸியில போடச் சொல்லியிருக்காங்க. நான் போட்டேன், ரெண்டாவது நிமிஷமே கெட்டி உருண்டையா பிளேடைச் சுத்தி ஒட்டிக்கிச்சு, மோட்டார் வாசனை வந்துடுச்சு.

கொட்டையை மட்டும் முதல்ல அரைக்கணும். 160 டிகிரியில ஒரு 12 நிமிஷம் வறுத்து, சூடு இருக்கும்போதே துணியில கொட்டி மூட்டை கட்டித் தேய்ச்சா தோல் உதிரும். அப்புறம் அரைங்க. முதல்ல மாவு. அப்புறம் ஈர மணல் மாதிரி ஜாரோட ஓரத்துல அப்பிக்கும், அங்கதான் எல்லாரும் பயந்துபோய் தண்ணியோ பாலோ ஊத்திடறாங்க. ஊத்தக் கூடாது. நிறுத்தி, வழிச்சு விட்டு, மறுபடி ஓட்டணும். ஆறேழு நிமிஷத்துல எண்ணெய் விட்டு, கரண்டியிலிருந்து ரிப்பன் மாதிரி விழும். ஹேசல்நட்ல 60 சதவீதம் கொழுப்பு, தனியா எண்ணெயே வேண்டாம். அந்தப் பதத்துல கோகோவைச் சேர்த்தா எண்ணெய்ல பளபளன்னு கரையும். பேரீச்சையை வெந்நீர்ல ஊறவச்சுத் தனியா விழுதாக்கி, கடைசியில கலக்கணும். பழத்துல இருக்கிற ஈரம் பட்டதும் கொஞ்சம் இறுகும், அப்போ வேணும்னா பால் ஒவ்வொரு ஸ்பூனா ஊத்தித் தளர்த்திக்கலாம்.

தோட்டத்துமைனா:
எனக்கு நல்லாத்தான் வந்துச்சு. உங்க மிக்ஸி பழசா இருக்கும். தோலையும் நான் எடுக்கிறதில்லை, நார்ச்சத்து போயிடும்.

அரவைக்காரன்:
மிக்ஸி வாங்கி ஆறு மாசம். தோலோட அரைச்சா கசக்கும், கசப்பை மறைக்கத்தான் உங்களுக்கு எட்டுப் பழம் தேவைப்படுது. தோலை எடுத்துப் பாருங்க, நாலு போதும்.

கணக்குப்புலி:
பார்த்தீங்களா! நாலு போதுமாம். நாலுன்னா 64. எட்டுன்னா 128. துளி துளின்னு சொல்லி இருமடங்கு போட்டிருக்காங்க.

அரவைக்காரன்:
ஐயா, நான் உங்க கட்சி இல்லை.

செந்தமிழன்பன்:
ஹேசல்நட், ஸ்ப்ரெட், மெட்ஜூல், மோட்டார். ஒருவருக்காவது தமிழில் எழுதத் தோன்றவில்லையா? சாக்லேட்டுக்குக் காவிக்கண்டு என்ற அழகான சொல் இருக்கிறது.

மூணுபிள்ளைக்காரி:
என் மூணாவதுகிட்ட காவிக்கண்டு வேணுமான்னு கேட்டா சாமியார் வந்திருக்காரான்னு கேக்கும். போங்க சார்.

நிதானி:
இதுக்கு வரையறை ஏற்கெனவே இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2015ல வெளியிட்ட வழிகாட்டியில குறைக்கச் சொல்றது சேர்த்த சர்க்கரை, தேன், பாகு, பழச்சாறு, இதுல இருக்கிற சர்க்கரையை. முழுப் பழத்துல இயற்கையா இருக்கிறதை அந்தக் கணக்குல சேர்க்கலை. ஆனா பிரிட்டனில் பழத்தைக் கூழாவோ விழுதாவோ அரைச்சுட்டா அதையும் அந்தக் கணக்குல சேர்த்துடறாங்க. அதனால எந்த அளவுகோல்னு முதல்ல முடிவு பண்ணிட்டு...

தோட்டத்துமைனா:
ஆங்! முழுப் பழம் கணக்குல வராதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சு. இழையை மூடிடலாமா புலி சார்?

கணக்குப்புலி:
அரைச்சா கணக்குல வரும்னு அடுத்த வரியில இருக்கு. நீங்க அரைச்சீங்களா, இல்லை முழுப் பழமா ரொட்டி மேல அடுக்கினீங்களா? நன்றி நிதானி, என் பக்கம் நின்னதுக்கு.

நிதானி:
நான் யார் பக்கமும் நிக்கலை.

ஓரமாநிக்கிறேன்:
பேரீச்சைக்குப் பதிலா தேன் ஊத்திட்டா இந்தப் பிரச்சினையே இல்லையே? தேன் இயற்கைதானே.

மூணுபிள்ளைக்காரி:
தேனா! ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது. அதுல இருக்கக்கூடிய கிருமி வித்து குடல்ல முளைச்சு நஞ்சு உண்டாக்கும், பொட்டுலிசம்னு பேரு. குழந்தை தளர்ந்துபோகும், மூச்சு விடவே சிரமப்படும். தெரியாம யோசனை சொல்லாதீங்க.

ஓரமாநிக்கிறேன்:
அக்கா, என் பையனுக்கு ஆறு வயசு.

மூணுபிள்ளைக்காரி:
படிக்கிற எல்லார் வீட்டுலயும் ஆறு வயசுதானா இருக்கும்? அதோட அஞ்சு வயசுக்குக் கீழே முழுக் கொட்டையும் தரக் கூடாது, தொண்டையில சிக்கும். விழுதாக்கி மெல்லிசாத் தடவித்தான் தரணும், ஸ்பூன்ல கட்டியா அள்ளி வாயில வைக்கக் கூடாது. கொட்டை ஒவ்வாமை இருக்கான்னும் பார்த்துக்கணும். இதையெல்லாம் மைனா எழுதியிருக்கணும். அதை யாரும் கேக்கலை, எட்டுப் பழத்தையே பிடிச்சுத் தொங்கறீங்க.

கணக்குப்புலி:
தேன்ல 100க்கு 82 கிராம் சர்க்கரை. பேரீச்சையைவிட மோசம். ஆனா தேன் ஊத்தறவர் "துளியும் இல்லை"ன்னு தலைப்பு வைக்கலை. 128ஐ ஒளிச்சு வச்சவங்கதான் வச்சாங்க.

தோட்டத்துமைனா:
ஒளிச்சு வச்சேனா? எட்டுப் பேரீச்சம்பழம்னு ரெண்டாவது வரியிலேயே எழுதியிருக்கேன்! உங்களுக்கு என்ன கோபம்னு எனக்குத் தெரியும் சார். போன வருஷம் என் கேக் இழையில 175 டிகிரியா 180 டிகிரியான்னு மூணு பக்கம் ஓட்டினீங்க. கடைசியில 175லயே நாலு பேர் செஞ்சு படம் போட்டாங்க. அந்தக் காந்தல் இன்னும் அடங்கலை.

கணக்குப்புலி:
அந்த நாலு கேக்குல ரெண்டு நடுவுல குழி விழுந்திருந்துச்சு. படத்தைப் பெருசாக்கிப் பாருங்க.

அரவைக்காரன்:
குழி விழுந்தது என்னோடது. அது பேக்கிங் பவுடர் பழசு, டிகிரி இல்லை.

நிதானி:
விளம்பர வார்த்தைங்கிறது சின்ன விஷயம் இல்லைன்னு மட்டும் சொல்றேன். நுட்டெல்லாவைச் சத்தான காலை உணவு மாதிரி விளம்பரம் செஞ்சதா அமெரிக்காவில் ஒரு அம்மா வழக்கு போட்டு, 2012ல அந்த நிறுவனம் சுமார் 30 லட்சம் டாலருக்குச் சமரசம் பண்ணிக்கிச்சு.

கணக்குப்புலி:
அதேதான்! அங்க நிறுவனம், இங்க மைனா.

தோட்டத்துமைனா:
என்கிட்ட 30 லட்சம் இல்லை. மீதி கொஞ்சம் ஸ்ப்ரெட் இருக்கு, அனுப்பட்டுமா?

மூணுபிள்ளைக்காரி:
அனுப்பாதே, வழியிலேயே கெட்டுடும். பாலும் பழமும் போட்டது, ஃபிரிட்ஜ்ல ஒரு வாரம்தான் தாங்கும். அதையும் நீ எழுதலை.

தோட்டத்துமைனா:
அக்கா, நீங்க என் பக்கமா அவர் பக்கமா?

கணக்குப்புலி:
யார் பக்கம்ங்கிறது முக்கியம் இல்லை, எண்தான் முக்கியம். இப்பதான் எட்டு மெட்ஜூல் வாங்கிட்டு வந்து கொட்டை எடுத்துத் தராசுல வச்சேன். 183 கிராம். கண்ணால பார்த்துட்டேன், ஒரு சின்னக் கிண்ணம் நிறைய இருக்கு. இதைத் துளின்னு சொல்ல மனசு வருமா? இரண்டிலிருந்து 18 வயசு வரைக்கும் ஒரு நாளைக்குச் சேர்த்த சர்க்கரை 25 கிராமுக்குள்ள இருக்கணும்னு அமெரிக்க இதய சங்கம் சொல்லுது. "எவ்வளவு வேணும்னாலும்"னு எழுதினவங்க இந்தக் கிண்ணத்தைப் பார்க்கணும்.

மூணுபிள்ளைக்காரி:
இருங்க இருங்க. 183ன்னா ஒரு பழம் 23க்கும் கீழே. உங்க கணக்குப்படியே மொத்தச் சர்க்கரை 122தான் வருது. 128ன்னு இத்தனை தடவை சொன்னீங்களே?

தோட்டத்துமைனா:
ஆறு கிராம் பொய்! ஒரு ஸ்பூனுக்கு மேலே! அதையும் தலைப்புல போட்டுத் தனி இழை திறக்கட்டுமா?

கணக்குப்புலி:
"சுமார் 24 கிராம்"னு முதல் பதிவுலேயே எழுதியிருக்கேன். சுமாருக்கும் துளிக்கும் வித்தியாசம் தெரியாதவங்ககிட்ட என்ன பேச. பழத்துக்குப் பழம் எடை மாறும்.

தோட்டத்துமைனா:
அப்போ என் பழம் இன்னும் சின்னது.

கணக்குப்புலி:
எடை போட்டீங்களா?

தோட்டத்துமைனா:
அரைச்சுச் சாப்பிட்டாச்சு.

செந்தமிழன்பன்:
"மெட்ஜூல்" என்பதற்காவது...

ஓரமாநிக்கிறேன்:
மன்னிச்சுக்கோங்க, முழு இழையும் படிக்க நேரம் இல்லை. எங்க வீட்டுல பேரீச்சை தீர்ந்துபோச்சு. உலர்திராட்சை போடலாமா?

கணக்குப்புலி:
எத்தனை கிராம்?