வால்பாறையில் வீடு, மாதம் ஒருமுறை கோவை: 9 லட்சத்துக்குள் எந்தக் கார்?

கேள்வி: எஸ்டேட் கணக்கர்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தில் யாருமே இதுவரை கார் வாங்கியதில்லை. அதனால் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை, இங்கே கேட்கிறேன்.

வால்பாறை பக்கம் ஓர் எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மனைவி பள்ளி ஆசிரியை. மகள் ஆறாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. அம்மாவுக்கு 67 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மாதம் ஒருமுறை கோவையில் டாக்டரிடம் காட்ட வேண்டும். இதுவரை எல்லாம் பஸ்தான். போன மாதம் திரும்பி வரும்போது பொள்ளாச்சியில் கூட்டம், இடம் கிடைக்கவில்லை. அட்டக்கட்டி வரை அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவர் கை நடுங்கியதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடன் வாங்கியாவது கார் எடுத்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கையில் 4 லட்சம் இருக்கிறது, 5 லட்சம் கடன் கிடைக்கும். ஆக எல்லாச் செலவும் சேர்த்து 9 லட்சத்துக்குள் முடிய வேண்டும். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் குடியிருப்புக்கு 2 கிலோமீட்டர் எஸ்டேட் பாதை. நடுவில் கல் துருத்திக்கொண்டிருக்கும், ஜூன் ஜூலை மழையில் சேறாகிவிடும்.

திருப்பூரில் இருக்கும் தம்பி, "ஏழு பேர் போகிற வண்டியா எடு, பொங்கலுக்கு எல்லாரும் ஒண்ணா போகலாம்" என்கிறான். அவன் சொல்வது செகண்ட் ஹேண்ட் எர்டிகா. மனைவிக்கு டாடா பஞ்ச் பிடித்திருக்கிறது. எனக்கு மாருதி வேகன்ஆர் போதும் என்று தோன்றுகிறது. லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது, ஆனால் மலையில் ஓட்டிப் பழக்கமில்லை. கிளட்ச் மிதிக்காமல் தானாகவே கியர் மாறுகிற ஏஎம்டி எடுத்தால் எனக்குச் சுலபமாக இருக்குமா? சின்னவனுக்கு வளைவில் வாந்தி வரும், அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

பதில் 1: பழைய டாக்ஸிக்காரன்

தம்பி, ஆழியாறு செக்போஸ்ட்டிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு. அந்த ரோட்டில் 22 வருஷம் டாக்ஸி ஓட்டியவன் சொல்கிறேன். பெரும்பாலும் ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் இறங்குவதை வைத்து வண்டியைத் தேர்ந்தெடுங்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஆறு பேரையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். மூன்றாவது கியரில் போட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தேன். லோம்ஸ் வியூ இருக்கிற 9ஆவது வளைவைத் தாண்டும்போது ரப்பர் கருகுகிற மாதிரி வாடை. அடுத்த வளைவில் பெடல் பஞ்சுபோல உள்ளே போனது, வண்டி நிற்கவில்லை. இரண்டாவது, முதல் என்று கியரை இறக்கி, கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப் பக்கச் சுவரோரம் உரசி நிறுத்தினேன். சக்கரத்திலிருந்து புகை வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி ஒன்றும் பேசவில்லை, என் தோளைப் பிடித்த கையை மட்டும் கால் மணி நேரம் எடுக்கவே இல்லை. பிரேக் பேட் சூடேறி பிடிப்பு போய்விடும், பிரேக் ஆயில் கொதித்தால் பெடலில் அழுத்தமே இருக்காது. வண்டிமேல் குற்றமில்லை. நான் ஓட்டிய விதம்தான் தப்பு.

அதனால் ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும். அநேகமாக இரண்டாவது, வளைவு இறுக்கமாக இருந்தால் முதல் கியர். இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும், பிரேக்கை விட்டு விட்டுத் தொட்டால் போதும். உங்களுக்கு நான் சாதாரண கியர் வண்டியே சொல்வேன். ஏஎம்டி கெட்டது என்று சொல்லவில்லை. வளைவுக்குள் நுழைந்து ஆக்சிலேட்டரை அழுத்தும்போது, எந்தக் கியருக்கு இறங்கலாம் என்று ஒரு நொடி அது யோசிக்கும். மேலேயிருந்து பஸ் இறங்கி வருகிற நேரத்தில் அந்த ஒரு நொடி பெரிசு. ஏஎம்டிதான் வேண்டும் என்றால் மலையில் மேனுவல் மோடில் போட்டு ஓட்டுங்கள், மேட்டில் நிறுத்திக் கிளப்பும்போது பின்னால் உருளாமல் பிடிக்கிற ஹில் ஹோல்டு இருக்கிற மாடலாகப் பாருங்கள்.

வால்பாறை 3,500 அடி உயரம். மேலே போகப் போகக் காற்று இலேசாகும், டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற கருவி) இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இழுவை குறையும். பெரியவர்கள் மூன்று பேர், குழந்தைகள் இரண்டு பேர், லக்கேஜ். இதற்கு 1.2 லிட்டர் தாராளமாகப் போதும், 1 லிட்டர் வேண்டாம். வேகன்ஆர் எடுத்தாலும் 1.2 எடுங்கள். சிஎன்ஜி நினைக்கவே வேண்டாம், டிக்கியில் நிறைய இடம் சிலிண்டருக்கே போய்விடும், இழுவையும் குறையும்.

பழைய எர்டிகா விஷயம். 1.5 பெட்ரோல் எங்கள் மலையில் நன்றாகவே ஏறுகிறது, நானும் ஓட்டியிருக்கிறேன். ஆனால் ஏழு பேரும் உட்கார்ந்தால் டிக்கியில் மிஞ்சுவது 209 லிட்டர் இடம், நாலு பை வைத்தால் முடிந்தது. வருஷத்தில் இரண்டு நாள் பொங்கலுக்காக மற்ற 363 நாளும் அவ்வளவு நீள வண்டியைக் குறுகல் பாதையில் திருப்பிக்கொண்டிருக்க வேண்டுமா? அந்த இரண்டு நாளைக்கு ஒரு வாடகை வண்டி சொல்லிவிடலாம், எங்கள் ஆட்களுக்கும் ஒரு சவாரி கிடைக்கும்.

அப்படியும் பழைய வண்டிதான் என்றால் மலையில் ஓடிய வண்டியா என்று கேளுங்கள். மலை வண்டியில் கிளட்ச்சும் முன் டிஸ்க்கும்தான் முதலில் போகும். மேட்டில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்ச்சை மெதுவாக விட்டுப் பாருங்கள். இன்ஜின் உடனே ஆஃப் ஆனால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. ஆஃப் ஆகாமல் இரைந்துகொண்டே இருந்தால் தேய்ந்துவிட்டது. டயரில் நாலு எண் போட்டிருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டிய டயரோடு மழையில் மலை இறங்காதீர்கள்.

பையனை ஜன்னலோரம் உட்கார வைத்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள், போனைக் கொடுக்காதீர்கள். கவர்க்கல் பனிமூட்டத்தில் பெரிய லைட் போட்டால் கண்ணே கூசும், தாழ்த்திப் போடுங்கள். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்கு குறுக்கே வரும், அங்கே 20க்கு மேல் போக வேண்டாம்.

பதில் 2: அம்மாவோடு அலைபவள்

அண்ணா, அம்மாவைப் பற்றி எழுதியிருந்ததால் இதை எழுதுகிறேன். என் அம்மாவுக்கும் மூட்டு வலிதான். மூன்று வருஷம் முன்பு நாங்கள் மைலேஜ், கலர் எல்லாம் பார்த்து ஒரு தாழ்வான கார் எடுத்துவிட்டோம். அம்மா உட்காரும்போது கடைசி அரை அடி தொப்பென்று விழுவார். எழும்போது முன் சீட்டைப் பிடித்து, ஒரு காலை வெளியே வைத்து, புடவைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மூன்று முறை முயற்சி செய்வார். "வலிக்குதாம்மா" என்று கேட்டால் "இல்லடி" என்பார். கொஞ்ச நாளில் "நான் எங்கேயும் வரலை, நீங்க போயிட்டு வாங்க" என்று ஆரம்பித்துவிட்டார். கார்தான் காரணம் என்று எனக்குப் புரியவே ஆறு மாதம் ஆனது.

இரண்டாவது முறை வாங்கும்போது இப்படிச் செய்தேன். வீட்டில் அம்மா கை ஊன்றாமல் எழுந்திருக்கிற நாற்காலி ஒன்று உண்டு. தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்துகொண்டு, டேப்பையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஷோரூம் போனேன். சீட்டின் உயரம் ஏறக்குறைய அந்த நாற்காலி அளவு இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் எழ முடியாது, ரொம்ப உயரமாக இருந்தால் காலைத் தூக்கி ஏற வேண்டியிருக்கும், முட்டிக்கு அதுவும் ஆகாது. எந்தக் காராக இருந்தாலும் அம்மா முதலில் பக்கவாட்டில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். அதற்குக் கதவு அகலமாகத் திறக்க வேண்டும். பஞ்ச்சில் கதவு 90 டிகிரி திறக்கிறது, வேகன்ஆரில் கூரை உயரம் என்பதால் தலை இடிக்காது. இரண்டிலும் உட்கார வைத்துப் பாருங்கள். ஒரு முறை போதாது, நாலு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அம்மாக்கள் முதல் முறை நமக்காகச் சிரித்துக்கொண்டே ஏறிவிடுவார்கள்.

பதில் 3: பொள்ளாச்சி மெக்கானிக்

மேலே டாக்ஸி அண்ணன் சொன்னது எல்லாம் சரி. நான் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

வரி, இன்ஷூரன்ஸ் சேராத எக்ஸ்ஷோரூம் விலையை நம்பி இறங்காதீர்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 13 சதவீதம், 10 லட்சம் தாண்டி 20 லட்சம் வரை 18. உங்களுக்கு 13தான் வரும். 7.5 லட்சம் வண்டிக்கு வரி மட்டும் 97,500 ரூபாய். அதற்கு மேல் இன்ஷூரன்ஸ், புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். எல்லாம் கூட்டினால் 9 லட்சத்தை ஒட்டி வந்துவிடும். அதனால் எக்ஸ்ஷோரூம் 7.5க்கு மேல் பார்க்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் இருக்கிற பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆகிவிட்டது, நீங்கள் பார்க்கிற இரண்டுமே அதற்குள் வரும். ஷோரூமில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி எழுதுவார்கள். அது வேண்டாம் என்று சொல்லலாம், தைரியமாகச் சொல்லுங்கள்.

அந்த எஸ்டேட் பாதைதான் எனக்குப் பெரிய விஷயம். பஞ்ச்சின் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிக்கும் இடைவெளி, 187 மில்லிமீட்டர், வேகன்ஆர் 165. ஐந்து பேர் ஏறினால் இரண்டுமே இன்னும் கீழே இறங்கும். இன்ஜினுக்கு அடியில் இருக்கிற ஆயில் சம்ப் கல்லில் அடிபட்டு என் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற வண்டிகளை ஒவ்வொரு மழைக்காலமும் பார்க்கிறேன். காரை மோதவிட்டுப் பார்க்கிற குளோபல் என்கேப் சோதனையில் பஞ்ச் 2021இல் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம் வாங்கியது, வேகன்ஆர் 2023இல் ஒன்றுதான். அதற்குப் பிறகு வேகன்ஆரில் ஆறு ஏர்பேக் வந்துவிட்டது, இருந்தாலும் குழந்தைகள் இருக்கிற வீடு, மலை ரோடு. நானாக இருந்தால் பஞ்ச் எடுப்பேன்.

மறுபடி: எஸ்டேட் கணக்கர்

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. டாக்ஸி அண்ணா எழுதியதைத் தம்பிக்குப் போனில் படித்துக் காட்டினேன். பொங்கலுக்கு வாடகை வண்டியில் பாதிப் பணம் தானே தருகிறேன் என்று சொல்லிவிட்டான். எர்டிகா பேச்சு முடிந்தது.

நேற்று ராத்திரி அம்மாவின் நாற்காலியை அளந்தேன். தரையிலிருந்து 52 சென்டிமீட்டர். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். "எனக்காகவா அளக்கற" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, சனிக்கிழமை எந்தப் புடவை கட்டட்டும் என்று கேட்டார்.

சனிக்கிழமை இரண்டு ஷோரூமுக்கும் போகிறோம். டெஸ்ட் டிரைவ் பொள்ளாச்சி ரோட்டில் வேண்டாம், 9ஆவது வளைவு வரை ஏறி இறங்க வேண்டும் என்று போனிலேயே கேட்டுவிட்டேன். ஒரு இடத்தில் சரி என்றார்கள், இன்னொன்றில் மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். டாக்ஸி அண்ணா, அன்றைக்கு நீங்கள் ஊரில் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து வர முடியுமா?

பழைய டாக்ஸிக்காரன்

காலை பத்து மணிக்கு ஆழியாறு செக்போஸ்ட்டில் நிற்கிறேன் தம்பி. செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள்.